அணைக்கும் பொத்தான் யார் கையில்?

இந்த மாதக் கேள்வி-பதில் பகுதிக்கு டிஸ்டோபியா நாவல்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். ஆட்சியும் இயந்திரமும் மனிதரை ஆட்டிப்படைக்கும் நாளைய உலகைக் காட்டும் கதைகள் அவை. வந்த கடிதங்களில் பாதி இலக்கியம் பற்றியவை. மீதி செல்போன், வங்கிக் கணக்கு, ஓ.டி.பி. பற்றியவை. இரண்டையும் கலந்தே பதில் சொல்கிறோம். இந்தக் கதைகளை அப்படிப் படிப்பதுதான் முறை என்பது எங்கள் கட்சி.

'1984' நாவலில் வரும் டெலிஸ்கிரீன்தான் இன்றைய ஸ்மார்ட் டி.வி. என்கிறார்கள். மிகைதானே?
– கல்லூரி மாணவி, மதுரை

பாதி மிகை, பாதி உண்மை. ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட அந்த நாவலில் டெலிஸ்கிரீன் படம் காட்டிக்கொண்டே எதிரில் இருப்பவரையும் பார்க்கும். மெல்லிய கிசுகிசுப்பைத் தாண்டிய எந்தச் சத்தத்தையும் பிடித்துவிடும். ஒலியைக் குறைக்கலாம், முழுக்க அணைக்க முடியாது. எந்த நிமிடம் யாரைக் கவனிக்கிறார்கள் என்று தெரியாததால், எப்போதும் கவனிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு முகபாவத்தைக்கூட அடக்கி வாழ்கிறார்கள். பலர் கவனிக்காமல் விடும் ஒரு விவரமும் நாவலில் உண்டு: ஏழைத் தொழிலாளர் வீடுகளில் பெரும்பாலும் டெலிஸ்கிரீனே கிடையாது. அவர்கள் என்ன நினைத்தால் என்ன என்று நாவலின் ஆளும் கட்சி விட்டுவிடுகிறது.

இன்று யாரையும் அப்படி விடுவதில்லை. பல ஸ்மார்ட் டி.வி.களில் ஏ.சி.ஆர். என்ற மென்பொருள் இருக்கிறது. திரையின் சில புள்ளிகளை இடைவிடாமல் படித்து, அதை ஓர் அடையாள எண்ணாக்கி நிறுவனத்துக்கு அனுப்பும். அங்கே உள்ள நிகழ்ச்சித் தொகுப்போடு ஒப்பிட்டால் நீங்கள் பார்ப்பது எந்தப் படம், எந்த விளம்பரம் என்று தெரிந்துவிடும். செட்டாப் பாக்ஸில் பார்த்தாலும் டி.வி.டி. போட்டாலும் இது வேலை செய்யும், ஏனென்றால் அது படிப்பது திரையை. அமெரிக்காவில் விஜியோ நிறுவனம் 1.1 கோடி டி.வி.களில் இப்படி நொடிக்கு நொடி தகவல் சேகரித்தது. முறையான அனுமதி பெறவில்லை என்ற வழக்கில் 2017-இல் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

அணைக்கும் வழி இருக்கிறது, ஆனால் 'வேவு' என்ற பெயரில் தேடினால் கிடைக்காது. சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்.ஜி.யில் 'லைவ் பிளஸ்', சோனியின் பல மாடல்களில் 'சாம்பா இன்டராக்டிவ் டி.வி.' என்று இருக்கும். செட்டிங்ஸுக்குள் பிரைவசி அல்லது விதிமுறைகள் பகுதியில் தேடுங்கள். 'உங்கள் ரசனைக்கேற்ற விளம்பரம்', 'குரல் அறிதல்' இரண்டும் தனித்தனி. ஒன்றை அணைத்தால் மற்றது அணையாது. ஃபேக்டரி ரீசெட் செய்தாலோ புதிய விதிமுறைக்கு 'சம்மதம்' அழுத்தினாலோ பழையபடி விழித்துக்கொள்ளும். மென்பொருள் அப்டேட் வந்த மறுநாள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கேபிள் மட்டும் பார்ப்பவர் என்றால் டி.வி.க்கு வைஃபை கடவுச்சொல்லே கொடுக்க வேண்டாம். அதைவிட உறுதியான வழி கிடையாது.

ஆர்வெல் இந்தியாவில் பிறந்தவர் என்பது உண்மையா? அதற்கும் '1984'-க்கும் தொடர்பு உண்டா?
– ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியர், விழுப்புரம்

1903-இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தார். தந்தை ஆங்கில அரசின் அபின் துறையில் வேலை பார்த்தவர். குழந்தையாக இருக்கும்போதே தாய் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார், எனவே பிறந்த ஊருக்கும் நாவலுக்கும் முடிச்சுப் போட முடியாது. வேறொரு முடிச்சு இருக்கிறது. 1941 முதல் 1943 வரை பி.பி.சி.யின் கிழக்குப் பிரிவில், இந்தியாவுக்கான போர்க்கால ஒலிபரப்பில் அவர் வேலை செய்தார். ஒவ்வொரு உரையும் தணிக்கை முத்திரை பெற்ற பிறகே ஒலிவாங்கிக்குப் போகும். நாவலில் செய்திகளைத் திரிக்கும் 'உண்மை அமைச்சக'த்துக்கு அந்த அலுவலக அனுபவமும் சரக்கு. எதிர்காலத்தை ஜோசியம் பார்த்து எழுதவில்லை, தன் ஆபீஸைப் பார்த்து எழுதினார் என்று சொல்லலாம்.

பழைய செய்தியையே மாற்றி எழுதுவதாக நாவலில் வருகிறது. நடைமுறையில் அது முடியுமா? ஆயிரக்கணக்கான பிரதிகள் வெளியே போயிருக்குமே!
– ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர், சிவகாசி

அச்சுத் தொழில் தெரிந்தவர் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் நாவலில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உண்மை அமைச்சகத்தில் வேலை பார்க்கும் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தின் மேசைக்குக் காற்றுக்குழாய் வழியாக ஒரு துண்டுச்சீட்டு வருகிறது. எந்தத் தேதி 'டைம்ஸ்' இதழில் என்ன 'பிழை' என்று அதில் இருக்கும். அந்தப் பழைய இதழை வரவழைக்கிறார். திருத்தத்தைப் 'பேசினால் எழுதும்' கருவியில் சொல்கிறார். சீட்டையும் தன் குறிப்பையும் சுவரில் உள்ள 'நினைவுத் துளை'யில் போடுகிறார், அது உலைக்குப் போகிறது. பிறகு அந்த நாள் இதழ் மறுபடி அச்சாகி, கோப்பில் பழையதன் இடத்தில் உட்காரும். இந்த ஆண்டு சாக்லேட் ரேஷன் குறையாது என்ற பழைய வாக்குறுதியை, குறைக்க நேரலாம் என்ற எச்சரிக்கையாக அவரே மாற்றுகிறார். முப்பது கிராம் இருபதாகிறது. சற்று நேரத்தில் டெலிஸ்கிரீன், ரேஷனை இருபது கிராமாக *உயர்த்தியதற்கு* மக்கள் நன்றி ஊர்வலம் போனதாகச் சொல்கிறது.

இதற்கு எத்தனை ஆள், எத்தனை காகிதம்! நிஜத்தில் சோவியத் அரசு அதே வேலையைச் சிக்கனமாக முடித்தது. உளவுத்துறைத் தலைவராக இருந்த பெரியா 1953 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பெரும் சோவியத் கலைக்களஞ்சியத்தின் ஐந்தாம் தொகுதியில் அவரைப் பற்றிப் படத்தோடு நீண்ட கட்டுரை ஏற்கெனவே அச்சாகி வீடுகளுக்குப் போயிருந்தது. 1954-இல் சந்தாதாரர்களுக்குத் தபாலில் புதிய தாள்கள் வந்தன. பழைய பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ பிளேடாலோ வெட்டுங்கள், ஓரத்தில் கொஞ்சம் விட்டு வெட்டினால் புதிய தாளை அதில் ஒட்டலாம் என்று செய்முறையும் கூடவே இருந்தது. புதிய தாளில் பெரியாவின் இடத்தை நிரப்பியவற்றுள் முக்கியமானது பெரிங் கடல். ஆனால் வெட்டாமல் விட்டவர்களும் இருந்தார்கள், வெளிநாட்டு நூலகங்களிலும் பிரதிகள் இருந்தன. அதனால்தான் இந்தக் கதை நமக்குத் தெரிகிறது. காகிதத்தின் பலம் அதுதான்: ஒவ்வொரு பிரதிக்கும் தனியாக ஆள் அனுப்ப வேண்டும்.

இணையப் பக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மூலம் ஒரே இடத்தில் இருக்கிறது, மாற்றினால் எல்லோருக்கும் மாறிவிடும். திருத்தினோம் என்று அடியில் ஒரு வரி போடும் பண்பு எல்லாத் தளங்களுக்கும் இல்லை. ஆகவே முக்கியமான அறிவிப்பை, அரசாணையை, செய்தியைப் பார்த்த அன்றே பிடித்து வையுங்கள்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் 'சேவ் பேஜ் நவ்' என்ற கட்டம் இருக்கும். முகவரியை ஒட்டி அழுத்தினால் நாள், நேரத்தோடு பக்கம் பதிவாகும். லாகின் கேட்கும் பக்கங்கள் பதிவாகாது, வீடியோ பெரும்பாலும் பதிவாகாது, உரிமையாளர் கேட்டுக்கொண்டால் பதிவை நீக்குவதும் உண்டு. எனவே உங்கள் கணினியிலும் பி.டி.எஃப். ஆகப் போட்டு வையுங்கள். அச்சிடும்போது தலைப்பு-அடிக்குறிப்பு என்ற தேர்வை இயக்கினால் முகவரியும் தேதியும் தாளிலேயே விழும். வெறும் ஸ்கிரீன்ஷாட் பலவீனமான சாட்சி. பிரவுசரிலேயே பக்கத்தின் எழுத்தை மாற்றிவிட்டுப் படம் எடுக்க ஒரு நிமிடம் போதும்.

வழக்கு வரை போகும் விஷயமென்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் தர வேண்டும். அந்தப் படிவம் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. ஷா-256 என்ற கணக்கு முறை எந்தக் கோப்பையும் 64 எழுத்து நீளமுள்ள ஓர் எண்ணாக்கும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் முழுக்க வேறாகிவிடும். சேமித்த அன்றே அந்த எண்ணைக் கணக்கிட்டு வேறிடத்தில் குறித்து வையுங்கள். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு எண் மாறிவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து நகலை மட்டும் அனுப்புங்கள்.

காசு கொடுத்து வாங்கிய மின்னூலைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா?
– மென்பொருள் பொறியாளர், ஓசூர்

எடுத்திருக்கிறார்கள், அதுவும் எந்த நூலை என்று கேளுங்கள். 2009 ஜூலையில் அமேசான் தன் கிண்டில் கருவிகளிலிருந்து வாடிக்கையாளர் வாங்கியிருந்த '1984', ஆர்வெலின் இன்னொரு நாவலான 'விலங்குப் பண்ணை' ஆகியவற்றின் பிரதிகளைத் தொலைவிலிருந்தே அழித்தது. விற்ற பதிப்பாளருக்கு அமெரிக்காவில் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு அமேசானின் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவருக்குக் குறிப்புகள் மிஞ்சின, ஆனால் அவை எந்த வரிக்கானவை என்று காட்ட நூல் இல்லை. வழக்குப் போட்டார். 1,50,000 டாலரில் சமரசமாகி, தொகை வழக்கறிஞர் வழியாக அறக்கொடைக்குப் போனது.

'வாங்கு' பொத்தானை அழுத்தினாலும் பெரும்பாலான மின்னூல் கடைகளில் உங்களுக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம்தான். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம். அதே ஆண்டு பிப்ரவரி 26 அன்று, கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியாக ஏற்றும் வசதியை அமேசான் நிறுத்தியது. பூட்டு இல்லாத இ-பப் அல்லது பி.டி.எஃப். தரும் பதிப்பாளரிடம் வாங்குங்கள், வாங்கிய அன்றே கோப்பை இறக்கி வையுங்கள். குறிப்புகளை நூலுக்கு வெளியே, பக்க எண்ணோடு மட்டும் நிறுத்தாமல் மேற்கோள் வரியோடு எழுதுங்கள். அந்த மாணவருக்குச் சிக்கல் வந்தது அங்கேதான்.

1909-இல் எழுதிய 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' கதையை எல்லோரும் இப்போது தூக்கிப் பிடிப்பது ஏன்?
– மருத்துவமனை நிர்வாகி, வேலூர்

இ.எம்.ஃபார்ஸ்டர் எழுதியது. மனிதர்கள் நிலத்தடியில், தேன்கூட்டின் கண் போன்ற அறுகோண அறைகளில் ஆளுக்கொன்றாக வாழ்கிறார்கள். உணவு, குளியல், இசை, நண்பர்கள் எல்லாம் பொத்தானில். வஷ்டி என்ற பெண் மகனோடு பேச, மூன்றே நிமிடம் 'தனிமை' விசையைப் போட்டு வைக்கிறாள். பேசி முடித்து விசையை எடுத்ததும், அந்த மூன்று நிமிடத்தில் சேர்ந்த அழைப்பெல்லாம் ஒரே நேரத்தில் மணியடிக்கின்றன. புதிய உணவு எப்படி இருந்தது, அண்மையில் ஏதாவது யோசனை தோன்றியதா என்று கேள்விகள். ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்ட எவருக்கும் தெரிந்த காட்சி.

ஆனால் நிர்வாகத்தில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கதையின் பிற்பகுதிதான் முக்கியம். இயந்திரம் ஒரே நாளில் நிற்பதில்லை. முதலில் இசையில் ஒரு கரகரப்பு. புகார் செய்கிறார்கள், பிறகு பழகிக்கொள்கிறார்கள். குளியல் நீர் நாறுகிறது, பழகிக்கொள்கிறார்கள். படுக்கை வருவதில்லை. பழுது பார்க்கும் பிரிவிடம் கேட்டால், பழுது பார்க்கும் கருவியே பழுதாகிவிட்டது என்று தெரிகிறது.

2024 ஜூலை 19 அன்று நடந்தது அதுவேதான். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் நம் நேரம் காலை 9.39-க்கு ஒரு சிறு அப்டேட்டை அனுப்பியது. புதிய விதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, ஆனால் கணினியில் இருந்த நிரல் தந்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி, தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டதும் விண்டோஸ் சரிந்தது. 78 நிமிடத்தில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றுவிட்டன. கணினி எழுந்து நின்றால்தானே திருத்தம் போய்ச் சேரும்? எனவே பெரும்பாலான இயந்திரங்களின் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் இயக்கி, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கச் சாவி வேண்டும். அந்தச் சாவியை வைத்திருந்த சர்வரும் விழுந்துகிடந்தால் அதோகதி. இந்திய விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் சுமார் ஆறு மணி நேரம் மறைந்ததும் இதே ரகம். சரிசெய்யும் கருவிகளும் அதே வலையில்தான் இருந்தன. தவறைச் சரிசெய்யப் போன ஊழியர்களை உள்ளே விடும் அட்டைப் பூட்டுகளும் அதே வலையில்.

உங்கள் மருத்துவமனைக்குச் சொல்வதானால்: அவசரத் தொலைபேசி எண்கள், வார்டு வாரியாக நோயாளி பட்டியல், கொடுக்கும் மருந்து-அளவு அட்டவணை ஆகியவை ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு முறை காகிதத்தில் அச்சாக வேண்டும். அந்த அச்சுப்பொறி சர்வரை நம்பாமல் இயங்க வேண்டும். சேர்க்கைச் சீட்டு, மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஆகியவற்றின் அச்சிட்ட கட்டுகள் இரண்டு நாள் தேவைக்கு அலமாரியில் இருக்கட்டும். வட்டுச் சாவிகள் காகிதத்தில், இரும்புப் பெட்டியில். இணைய இணைப்பு இரண்டு என்று சொல்லிக்கொண்டு இரண்டும் ஒரே தெருக்குழியில் ஒரே கேபிளாக வந்தால் பயனில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு மணி நேரம் கணினி இல்லாமல் ஒரு பிரிவை நடத்திப் பாருங்கள். முதல் தடவை தடுமாறப்போவது இளைய ஊழியர்கள்; காகிதப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கும்.

எதையும் ஏ.ஐ.யிடம் கேட்டால் சுருக்கிச் சொல்கிறது. இதை எந்த நாவலாவது முன்பே சொன்னதா?
– பள்ளி ஆசிரியர், நாமக்கல்

அதே ஃபார்ஸ்டர் கதையில் இருக்கிறது. 'நேரடி அறிவு ஆபத்தானது' என்று ஒரு பேராசிரியர் உரையாற்றுகிறார். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் படிக்காதீர்கள், அதைப் பற்றி ஒருவர் நினைத்ததை இன்னொருவர் நினைத்ததை வேறொருவர் நினைத்ததைப் படியுங்கள் என்கிறார். மாணவர்களுக்குச் சொல்லுங்கள்: சுருக்கத்தில் வரும் ஆண்டு, பெயர், எண் மூன்றையும் மூல நூலில் தேடிப் பார்த்த பிறகே நோட்டில் ஏற வேண்டும். ஏ.ஐ. பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த மூன்றில்தான். விழுந்தாலும் குரலில் தயக்கம் இருக்காது.

'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில் ஒரே நாளில் பெண்கள் எல்லோருடைய வங்கிக் கணக்கும் முடங்குகிறது. நம்ப முடியவில்லையே?
– இல்லத்தரசி, கோவை

மார்கரெட் அட்வுட் 1985-இல் எழுதியது. அதில் நாயகி கடைக்குப் போய்த் தன் கணக்கு எண்ணைக் கொடுக்கிறாள், செல்லாது என்று வருகிறது. மாலையில் தோழி விளக்குகிறாள்: காகிதப் பணம் ஏற்கெனவே போய்விட்டது, கணக்குகளில் ஆண், பெண் குறியீடு இருக்கிறது, சில பொத்தான்களை அழுத்தினால் போதும். பணத்தைக் கணவர் எடுத்துக் கொடுக்கலாம். கணவர் அன்பானவர்தான், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார். நாவலில் அச்சம் தரும் இடம் அதுதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் சேமிப்புக் கணக்கில் பதிந்திருக்கும் செல்போன் எண் யாருடையது? கணவர் அல்லது மகனின் எண் என்றால் ஓ.டி.பி. அவருக்குப் போகும், பணம் எடுத்த செய்தியும் அவருக்கே. யு.பி.ஐ. அந்த எண்ணின் சிம் இருக்கும் போனில்தான் பதிவாகும். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், வசதிக்காகக் கொடுத்த எண்தான். ஆனால் கணக்கு உங்கள் பெயரிலும் சாவி இன்னொருவர் கையிலும் இருக்கிறது.

மாற்றும் வரிசை முக்கியம். முதலில் உங்கள் பெயரில் ஒரு சிம். பிறகு கிளைக்கு நேரில் போய் கே.ஒய்.சி. படிவத்தில் எண்ணை மாற்றுங்கள். நெட் பேங்கிங்கில் மாற்ற முயன்றால் பழைய எண்ணுக்கே ஓ.டி.பி. போகும். ஆதாரில் பதிந்த எண்ணையும் ஆதார் மையத்தில் மாற்றுங்கள். பழைய பதிவில் இருந்த யு.பி.ஐ. இணைப்பை நீக்கச் சொல்லுங்கள். புதிய போனில் யு.பி.ஐ. தொடங்கினால் பொதுவாக முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரம்பு இருக்கும், எனவே கட்டணம் கட்ட வேண்டிய நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். புதிய எண்ணுக்குச் செய்தி வருகிறதா என்று நூறு ரூபாய் எடுத்துப் பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள். ஒரு மாத மளிகை, மருந்துக்கான ரொக்கம் வீட்டில் இருக்கட்டும்.

'ஃபாரன்ஹீட் 451' நூல் எரிப்பைப் பற்றிய நாவல். நூலகம் எரிந்ததைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது?
– நூலகர், யாழ்ப்பாணம்

உங்கள் ஊருக்கு அந்த நாவல் கற்பனை அல்ல. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. நாவலாசிரியர் ரே பிராட்பரியின் தீயணைப்பு வீரர்கள் சட்டப்படி எரிப்பவர்கள், நிஜத்தில் எரித்தவர்களுக்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை.

நாவலில் புதிது வேறிடத்தில் இருக்கிறது. எரிப்பு மேலிருந்து தொடங்கவில்லை என்று தீயணைப்புத் தலைவர் பீட்டி சொல்கிறார். முதலில் பேரிலக்கியங்களைப் பதினைந்து நிமிட வானொலி நிகழ்ச்சியாகச் சுருக்கினார்கள், பிறகு இரண்டு நிமிடத்தில் படிக்கும் பத்தியாக, கடைசியில் அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரியாக. யார் மனமும் புண்படக் கூடாது என்று ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு பக்கத்தைக் கிழித்தது. அரசு பிறகுதான் தீப்பெட்டியோடு வந்தது. நாயகனின் மனைவி மில்ட்ரெட் காதில் சிப்பி வடிவ வானொலியைச் செருகிக்கொண்டு தூங்குகிறாள். மூன்று சுவர் டி.வி. போதாமல் நான்காவது கேட்கிறாள். விலை இரண்டாயிரம் டாலர், கணவனின் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு.

1953-இல் வந்த அந்த நூலுக்கே நேர்ந்ததைக் கேளுங்கள். 1967-இல் பள்ளிகளுக்கென்று பதிப்பகம் தனிப் பதிப்பு போட்டது. ஆசிரியருக்குத் தெரியாமல் சுமார் 75 இடங்களில் கைவைத்தது. குடிகாரன் நோயாளியானான். தொப்புளில் எடுத்த அழுக்கு காதில் எடுத்த அழுக்கானது. சில ஆண்டுகளில் வெட்டிய பதிப்பு மட்டுமே அச்சில் இருந்தது. 1979-இல் பிராட்பரிக்குத் தெரிந்தது, முழுப் பதிப்பை மீட்டார். தணிக்கையை எதிர்க்கும் நூலைத் தணிக்கை செய்த பதிப்பகத்தை என்ன சொல்ல!

நாவலில் தப்பிய மனிதர்கள் ஆளுக்கொரு நூலை மனப்பாடம் செய்கிறார்கள். தமிழில் அதைவிட நல்ல வழி நடக்கிறது. தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-இல் தொடங்கிய இலங்கைத் தமிழ் ஆவணத் தளமான 'நூலகம்' திட்டமும் பிரதிகளைப் பல இடங்களுக்குப் பரப்புகின்றன. சிறு நூலகத்திலோ வீட்டிலோ அரிய இதழ், சுவடி இருந்தால் 3-2-1 கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். ஸ்கேன் செய்யும்போது அச்சு நூலுக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), சிறிய எழுத்துக்கும் சுவடிக்கும் 600. மூலப் படம் டிஃப் வடிவில், படிப்பதற்கு பி.டி.எஃப். செல்போன் ஸ்கேனர் செயலிகள் பின்புலத்தை வெளுத்து எழுத்தைக் கருப்பாக்கும். மங்கிய மை அதில் காணாமல் போகும், எனவே மூலப் பிரதிக்கு அவை ஆகாது. பென் டிரைவை ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் வைத்தால் தகவல் கரையலாம். வருடம் ஒரு முறை திறந்து, ஹாஷ் எண்ணை ஒப்பிட்டு, வேறு வட்டுக்கு மாற்றுங்கள்.

எங்கள் ஊரில் இணையத்தையே நிறுத்தினார்கள். இதை ஏன் எந்த நாவலாசிரியரும் யோசிக்கவில்லை?
– வணிகர், தூத்துக்குடி

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். அணைக்க முடியாத திரையைக் கண்டு ஆர்வெல் பயந்தார். நமக்கு வாய்த்தது இன்னொருவர் அணைக்கும் திரை. கடை, வங்கி, மருத்துவம், பள்ளி எல்லாவற்றையும் ஒரே கம்பியில் தொங்கவிட்ட பிறகுதான் கம்பியை இழுப்பது ஆயுதமாகிறது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தபோது டெல்லி பகதூர் ஷா ஜாபர் சாலையில் பத்திரிகை அலுவலகங்களின் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். அன்று அச்சுக்கூடம் இருந்த தெரு போதும். 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி என்று மூன்று மாவட்டங்களுக்கு இணையம் நின்றது. ஜம்மு-காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் போன அதிவேக இணையம் 2021 பிப்ரவரியில்தான் திரும்பியது. இலங்கையில் 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் 3 ஆகிய தருணங்களில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன.

சட்டம் என்ன சொல்கிறது? 2020 ஜனவரி 10-இல் உச்ச நீதிமன்றம், காலவரையின்றி நிறுத்துவது கூடாது, ஆணையை வெளியிட வேண்டும் என்றது. இன்றைய விதிப்படி மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர் ஆணை போட வேண்டும், ஓர் ஆணை 15 நாளைத் தாண்டக் கூடாது, மறுஆய்வுக் குழு 5 நாளுக்குள் பார்க்க வேண்டும். வணிக நட்டம் ஏற்பட்டிருந்தால் மாநில உள்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். 'ஏன் நிறுத்தினீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. ஆணை எண், தேதி, கையொப்பமிட்ட பதவி, தொடங்கிய-முடிந்த நேரம், மறுஆய்வுக் குழு கூடிய தேதி என்று ஆவணத்தைக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. பாதுகாப்பைக் காட்டி ஆணையின் நகலை மறுத்தாலும், குழு கூடிய தேதியை மறுப்பது கடினம்.

அன்றைய நாளைச் சமாளிக்க: பல முடக்கங்களில் குரல் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் இயங்கும். அப்போது *99# என்று அழைத்து, இணையம் இல்லாமலே ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். எல்லா வங்கியிலும் இது ஒரே மாதிரி ஒத்துழைப்பதில்லை. இன்றே பத்து ரூபாய் அனுப்பிச் சோதியுங்கள். ஜி.எஸ்.டி. பில்லிங் மென்பொருள் இணையம் இல்லாமல் பில் போடுமா என்று விற்றவரிடம் கேளுங்கள். கடன் கணக்கு நோட்டு ஒன்று கல்லாவில் இருக்கட்டும், பேட்டரி வானொலி ஒன்றும்.

ஆர்வெல் சொன்னது பலித்ததா, ஹக்ஸ்லி சொன்னது பலித்ததா? ஒரு வரியில் சொல்லுங்கள்.
– வாசகர், சிங்கப்பூர்

இரண்டும், ஒரே போனில். கூடுதலாக ஒரு வரி இலவசம்: ஈட்டன் பள்ளியில் ஆர்வெலுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவர், பயத்தால் அல்ல, சுகத்தாலேயே மனிதரை அடக்கும் உலகை 'பிரேவ் நியூ வேர்ல்டு' நாவலில் காட்டிய ஆல்டஸ் ஹக்ஸ்லி.

இந்த நூல்களை எங்கே தொடங்குவது? இலவசமாகக் கிடைக்குமா? தமிழில் இப்படி ஏதாவது உண்டா?
– கல்லூரி மாணவர், தென்காசி

'தி மெஷின் ஸ்டாப்ஸ்' சிறுகதை அளவுதான், ஒரு மாலையில் முடியும். அதில் தொடங்குங்கள். பிறகு 'ஃபாரன்ஹீட் 451', அதன்பின் '1984'. ரஷ்யரான ஸம்யாதின் 1920-21-இல் எழுதிய 'நாம்' நாவலைக் கடைசியில் வையுங்கள். கண்ணாடிச் சுவர் வீடுகளும் பெயருக்குப் பதில் எண்களும் அதில்தான் ஆரம்பம். சொந்த நாட்டில் அது 1988 வரை அச்சேறவில்லை.

இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை பதிப்புரிமை. 1950-இல் இறந்த ஆர்வெலின் நூல்கள் 2011 முதல் பொதுவுடைமை, 1963-இல் இறந்த ஹக்ஸ்லியின் நூல்கள் 2024 முதல். பிராட்பரி 2012-இல் இறந்தவர், எனவே காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டும். மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. மூலம் இலவசம் என்பதால் தமிழாக்கமும் இலவசம் ஆகிவிடாது.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் பெயர்கள் இரண்டெழுத்துக்கு மேல் போகக் கூடாது, குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ என்று எல்லோரும் அந்த அளவுக்குள் அடங்குகிறார்கள். ஜீனோ என்ற இயந்திர நாய்க்கும் இரண்டே எழுத்துதான். அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'.